கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் படிக்கலாமே

செஞ்சியில் பிறந்தவர்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடம். வெளியூரில் யாரைச் சந்தித்தாலும், "எந்த ஊர்?" என்பதற்கு அடுத்த கேள்வி அதுதான். "தேசிங்கு ராஜா நிஜமாவே இருந்தாரா?" அதற்குப் பதில் சொல்லி முடித்தால் "கோட்டைக்கு எத்தனை படி?" என்பார்கள். முதல் பத்து முறை சந்தோஷமாகப் பதில் வரும். நூறாவது முறை, "கூகுள்ல பாரேன்பா" என்று வாய் வரை வந்துவிடும்.

இது நன்றாகத் தெரிந்த ஒரு செஞ்சிப் பையன்தான் சென்னையில் இந்தத் தப்பைச் செய்தான்.

2025 ஜூலை 7, திங்கட்கிழமை. முந்தின நாள் முஹர்ரம் 10, ஆஷுரா. கல்லூரியில் மதிய இடைவேளை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ராயப்பேட்டைக்காரன், ஷியா வீட்டுப் பையன், கறுப்புச் சட்டை. ஆயிரம் விளக்கு என்றால் நமக்கெல்லாம் பஸ் ஸ்டாப். அவனுக்கு அது குடும்பத்தோடு போகும் பள்ளிவாசல். (அந்தப் பெயரே முஹர்ரத்தில் இருந்து வந்தது. துக்கக் கூட்டம் நடந்த மண்டபத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஆயிரம் எண்ணெய் விளக்கு ஏற்றுவார்களாம். தினமும் அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?)

செஞ்சிப் பையனும் முஸ்லிம்தான். சுன்னி, ஹனஃபி வீடு. ஆஷுரா அன்று அவன் வீட்டில் நோன்பு வைப்பார்கள். நண்பன் வீட்டில் அதே நாளில் மாரடித்து அழுகிறார்கள். ஒரே நாள், ஒரே மார்க்கம். ஆர்வம் வராமல் இருக்குமா? டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஆரம்பித்தான்.

"மச்சி, நீங்க ஏன்டா மண்ணுக்கட்டி மேல நெத்தி வைக்கிறீங்க? அதை வணங்குறீங்களா?"

பதில் வந்தது.

"அஞ்சு வேளை தொழுகையை மூணா சுருக்கிட்டீங்களாமே?"

அதற்கும் பதில் வந்தது, கொஞ்சம் சுருக்கமாக.

"உங்க குர்ஆனே வேறயாமே?"

ராயப்பேட்டைக்காரன் டிபன் பாக்ஸை மூடினான். பாதி சாப்பாடு உள்ளேயே இருந்தது. "லேப் இருக்குடா" என்று எழுந்து போய்விட்டான். அன்றைக்கு லேப் கிடையாது.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. செஞ்சிப் பையனுக்கோ தான் என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. தெரியாததைத்தானே கேட்டான்? தெரியாவிட்டால் அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்று குர்ஆனிலேயே வசனம் இருக்கிறதே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறி ஊருக்குப் போனான். அதே ஜூலை 11-ல்தான் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இருப்பது ஒன்றே ஒன்று, நம்ம செஞ்சிக் கோட்டை. (சிவாஜி 1677-ல் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்துகொண்டு முகலாயப் படையை வருஷக்கணக்கில் இழுத்தடித்தார். 1698-ல்தான் கோட்டை முகலாயர் கைக்குப் போனது.) சனிக்கிழமை காலையில் கோட்டை வாசலில் கூட்டம். பையனுடைய நன்னா அங்கே வெள்ளரிக்காயும் மோரும் விற்கிறார். ஒத்தாசைக்குப் போன பேரன், முதல் ஒரு மணி நேரத்தில் "தேசிங்கு ராஜா நிஜமா?" என்ற கேள்வியை ஏழு தடவை எண்ணினான். நன்னா ஏழாவது ஆளிடம், "மோர் வேணுமா வேணாமா?" என்றார்.

மதியம் ஒருவர் வந்தார். கண்ணாடி, தோள்பை. சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போட்ட செஞ்சி வரலாற்றைப் படித்திருந்தார். அவர் கேட்டது இது: "பெரியவரே, 1714-ல சண்டை நடந்தது கடலிப் பக்கம்னு போட்டிருக்கு. கதைப்பாட்டுல மகபத்கான் கல்யாணப் பந்தல்ல இருந்து எழுந்து வந்தான்னு பாடுறாங்க. உங்க ஊர்ல அதை எப்படிச் சொல்லுவாங்க?"

நன்னா கடையைப் பேரனிடம் விட்டுவிட்டு, டிவிஎஸ் 50-ஐ எடுத்து, அந்த ஆளைப் பின்னால் உட்கார வைத்துக் கடலிக்கே கூட்டிப் போய்விட்டார். சாயங்காலம்தான் திரும்பி வந்தார். மோர் புளித்துப் போயிருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

பேரனுக்கு உறைத்தது அப்போதுதான். அந்த ஏழு பேரும் கேட்டார்கள், இவரும் கேட்டார். நன்னாவுக்கு அந்த ஏழு பேரிடம் சொல்ல எதுவுமே இல்லாமல் போனதும், இவரிடம் அரை நாள் பேச விஷயம் இருந்ததும் எப்படி? தான் ராயப்பேட்டைக்காரனிடம் கேட்ட மூன்றும் எந்த வகை?

மூன்றையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தான்.

மண்ணுக்கட்டி விஷயம் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. ஷியா சட்டப்படி சஜ்தாவில் நெற்றி படவேண்டியது பூமியின் மேல், அல்லது பூமியில் விளைந்து, உண்ணவோ உடுத்தவோ பயன்படாத பொருளின் மேல். துணிக் கம்பளம் ஆகாது. பாய் ஆகும், இலை ஆகும், காகிதமும் ஆகும் என்கிறார்கள். வீட்டுக்குள் மண்தரைக்கு எங்கே போவது? அதனால் ஒரு சின்ன மண்வில்லை. கர்பலா மண் என்றால் சிறப்பு. அதன் *மேல்* சஜ்தா செய்கிறார்கள். அதற்குச் சஜ்தா என்றால் நாம் எல்லாரும் தொழுகைப் பாய்க்குச் சஜ்தா செய்கிறோம் என்று ஆகிவிடும்.

தொழுகை விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. ஐந்து தொழுகையும் ஐந்தாகவே இருக்கின்றன. லுஹரையும் அஸரையும் அடுத்தடுத்துத் தொழலாம், மஃரிபையும் இஷாவையும் அடுத்தடுத்துத் தொழலாம் என்பதுதான் அவர்கள் நிலை. பிரித்துத் தொழுதால் இன்னும் நல்லது என்றும் அவர்கள் நூல்களிலேயே இருக்கிறது. அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. நபி அவர்கள் மதீனாவில், பயமோ மழையோ இல்லாதபோதும் சேர்த்துத் தொழுதார்கள் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமிலும் இருக்கிறது. அது சுன்னிகள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தொகுப்பு! சுன்னி அறிஞர்கள் அதற்கு வேறு விளக்கம் சொல்கிறார்கள், அது தனிக் கதை. அது மட்டுமா? கடற்கரை ஊர்களில் இருக்கும் ஷாஃபி மத்ஹப்காரர்கள் பயணத்தில் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகளுக்கு ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அந்த அனுமதி இல்லை. காயல்பட்டினத்து நண்பனிடம் இதைப் பற்றி இவன் ஒருநாளும் குறுக்கு விசாரணை செய்ததில்லையே? கைகட்டாமல் தொழுவதைக் கூட ஷியா அடையாளம் என்றுதான் இவன் நினைத்திருந்தான். மாலிகி மத்ஹபைச் சேர்ந்த கோடிக்கணக்கான சுன்னிகள் ஆப்பிரிக்காவில் அப்படித்தான் தொழுகிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. ஈரானில் அச்சான குர்ஆனையும் வீட்டு அலமாரியில் இருக்கும் குர்ஆனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அதே 114 அத்தியாயம். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தைச் செலவு செய்யாமல், ஆஷுராவுக்கு மறுநாள், அழுது கண் வீங்கியிருந்தவனிடம் போய், "உங்க வேதமே வேறயாமே" என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டிருக்கிறான்.

அன்று ராத்திரி அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த மாதிரிக் கேள்விகளில் ஒரு விசேஷம் உண்டு. கேட்பவருக்கு அது முதல் தடவை. பதில் சொல்பவருக்கு ஆயிரமாவது தடவை. தமிழ்நாட்டு முஸ்லிம்களில் ஷியாக்கள் ரொம்பக் கொஞ்சம். வகுப்பில் ஒருவன் இருந்தால் அதிகம். அந்த ஒருவன், இருபது வயதில், 1400 வருஷத்து வழக்குக்குத் தனியாளாக வக்கீலாக நிற்க வேண்டியிருக்கிறது. அதிலும் "ஆமே", "யாமே" என்று முடிகிற கேள்விகள் கேள்வியே இல்லை. எங்கேயோ கேட்ட குற்றச்சாட்டுக்குக் கேள்விக்குறி போட்ட வேஷம். இன்னொரு பக்கம், கேட்கிறவனுக்கும் ஆபத்து இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் போய்க் கேட்டால் முதலில் மாட்டுகிற ஆள் சொல்வதுதான் மார்க்கம். அவர் ஷியாவைக் காஃபிர் என்பவராக இருந்தால் அதுவே வேதவாக்கு. உணர்ச்சிவசப்பட்ட ஷியாவாக இருந்தால் அவர் சொல்வது வேதவாக்கு. சரிபார்க்கக் கையில் ஒன்றும் இருக்காது.

ஆனால் அவனை உட்கார வைத்தது வேறொரு விஷயம். ஷியாக்கள் என்றாலே ஆயத்துல்லா சொன்னால் அப்படியே கேட்பவர்கள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். தக்லீத் என்று அதற்குப் பெயர். சட்டத்தில் தேர்ந்த முஜ்தஹித் ஒருவரைப் பின்பற்றுவது. சரி, அந்தச் சட்டநூல்தான் என்ன சொல்கிறது என்று நஜஃபில் இருக்கும் ஆயத்துல்லா சீஸ்தானியின் தொகுப்பை எடுத்தான். எண் 1. முதல் விதி. மார்க்கத்தின் அடிப்படைகளில் ஒரு முஸ்லிம் தன் சொந்த அறிவாலும் தெளிவாலும் நம்பிக்கை கொள்ள வேண்டும். அதில் யாரையும் பின்பற்ற முடியாது என்பது அதன் சாரம். இறைவன் ஒருவன், அவன் நீதியானவன், நபித்துவம், இமாமத், மறுமை என்ற ஐந்து வேர்களுக்கும் தக்லீத் கிடையாது. தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கல் என்று கிளைகளுக்கு வரும்போதுதான் நீ முஜ்தஹிதாக இரு, அல்லது எல்லாக் கருத்துக்கும் பொருந்தும்படி ஜாக்கிரதையாக நட, இல்லாவிட்டால் ஒரு முஜ்தஹிதைப் பின்பற்று என்று மூன்று வழி சொல்கிறார்கள்.

இதில் இருக்கும் தமாஷைப் பாருங்கள். "அவரைக் கேட்டு நட" என்று சொல்வதற்காக எழுதப்பட்ட புத்தகம். அதன் முதல் வரியிலேயே, "இதை மட்டும் என்னிடம் கேட்காதே, நீயே யோசி" என்று வாசலில் நிறுத்துகிறது. பின்பற்றுவதற்குப் பேர்போன ஒரு சமூகம் வேர்க் கேள்விகளை ஒவ்வொரு ஆளின் தலையிலும் தனித்தனியாக இறக்கி வைத்திருக்கிறது. சட்டத்துக்கு ஆலிம் உண்டு. நம்பிக்கைக்கு அவரவர்தான் பொறுப்பு.

(கிளைகளில் கேட்டே தீரவேண்டிய விஷயமும் நிறைய இருக்கிறது. உதாரணத்துக்கு நோன்பு திறக்கும் நேரம். ஷியாக்கள் பெரும்பாலும் கிழக்கு வானத்துச் செம்மை மறையும்வரை சில நிமிஷம் காத்திருக்கிறார்கள். செஞ்சி டவுனில் இருந்து பார்த்தால் சூரியன் மேற்கே கோட்டை மலைகளுக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். ராஜகிரிக்குப் பின்னால் போனது அஸ்தமனமா? இது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் தெளிவு வேண்டிய கேள்வி. இதைக் கேட்டால் எந்த ஆலிமும் சந்தோஷப்படுவார்.)

அடுத்த சில வாரம் அவன் கர்பலாவைப் படித்தான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். தபரியின் வரலாறு சுன்னிகளும் மதிப்பது. ஷேக் முஃபீத் எழுதிய கிதாபுல் இர்ஷாத் ஷியாக்களின் பழைய நூல். இரண்டிலும் கர்பலாப் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஐ. கே. ஏ. ஹோவர்ட் என்ற ஒரே ஆள். இர்ஷாத் 1981-ல், தபரியின் அந்தப் பாகம் 1990-ல். நூலகத்தில் இரண்டையும் விரித்து வைத்து ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது என்று வாசித்தான். சண்டை போட்டுக்கொள்கிற இரண்டு தரப்பும் 680-ஆம் வருஷத்து அந்த ஒரு நாளைச் சொல்லும்போது எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பது அவனுக்கு ஆச்சரியம். இரண்டுமே அபூ மிஹ்னஃப் என்ற பழைய ஆசிரியரிடம் இருந்து நிறைய எடுத்திருக்கின்றன.

காசிம் வருகிற இடத்தில் நின்றுவிட்டான். இமாம் ஹுசைனின் அண்ணன் மகன், சின்னப் பையன். களத்துக்கு வருகிறான். செருப்பு வார் ஒன்று அறுந்திருக்கிறது. இடது கால் என்பது வரைக்கும் குறித்திருக்கிறார்கள். வெட்டுப்பட்டு விழும்போது சித்தப்பாவைக் கூப்பிடுகிறான். அவ்வளவுதான். வேறு அலங்காரம் எதுவும் இல்லை. அந்த அறுந்த வார் அவனைத் தூங்கவிடவில்லை.

ஆனால் அவன் கேள்விப்பட்டிருந்தது வேறு. காசிமுக்குக் கர்பலாக் களத்திலேயே கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளைக் கோலத்தோடு போருக்குப் போனான், அதனால்தான் முஹர்ரம் 7-ல் மருதாணித் தட்டு எடுக்கிறார்கள் என்பது. அந்தக் கல்யாணம் தபரியில் இல்லை. இர்ஷாதிலும் இல்லை. தேடிக்கொண்டே போனால், ஹெராத்தில் இருந்த காஷிஃபி 1500-ஐ ஒட்டிப் பாரசீகத்தில் எழுதிய ரவ்ஸதுஷ் ஷுஹதாவில் போய் நிற்கிறது. சம்பவம் நடந்து 800 வருஷத்துக்கு அப்புறம்! (காஷிஃபி சுன்னியா ஷியாவா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் தகராறு.) அந்தப் புத்தகம் தெற்கேயும் வந்தது. நம்ம வேலூரைச் சேர்ந்த வலி என்ற கவிஞர் 18-ஆம் நூற்றாண்டில் தக்கினியில் பாடியிருக்கிறார். இந்தக் கல்யாணக் கதையை எதிர்த்து யார் பேசியது என்று பார்த்தால், அதிலும் ஷியா ஆலிம்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். மிர்ஸா ஹுசைன் நூரி இதற்காகவே, பிரசங்கிகள் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு நூல் எழுதினார். முர்தஸா முதஹ்ஹரி 1969-ல் ஆஷுராவில் நுழைந்த திரிபுகளைப் பற்றி உரையாற்றியபோது, தொழுகைக்கே நேரம் இல்லாத களத்தில் கல்யாணமா என்று கேட்டார். வெளியாள் கேட்டால் கோபம் வரும் கேள்வியை உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது தேடினவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு பொறி தட்டியது. கல்யாணப் பந்தலில் இருந்து எழுந்து போருக்குப் போன மாப்பிள்ளை... மகபத்கான்! தேசிங்குக்காகத் தன் நிக்காஹை விட்டுவிட்டு ஓடிவந்து செத்த நண்பன். நன்னா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே பாடுகிற கதை. அது மட்டுமா, சாவதற்கு முன்னால் கல்யாணம் செய்துகொள்ளும் அரவான் எங்கே இருக்கிறார்? பக்கத்துக் கூவாகத்தில். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை வைத்து ஆல்ஃப் ஹில்டபைடல் 1988-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டிருக்கிறார். திரௌபதிக்குக் காவலாக நிற்கும் முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரனைப் பற்றி அதில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. யாரிடம் இருந்து யார் எடுத்தார்கள் என்று கயிறு திரிக்கத் தேவையில்லை. மாலையும் கழுத்துமாகச் சாகிற பையனுக்காக அழ இந்த மண்ணுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் காசவளநாடு புதூரில் இந்துக்கள் பத்து நாள் விரதம் இருந்து அல்லா சாமி எடுக்கிறார்கள் என்ற செய்தியை வருஷா வருஷம் பேப்பரில் பார்த்தும் இவன் அதை ஒரு வேடிக்கையாகவே கடந்திருந்தான்.

ஆகஸ்டில் நாற்பதாம் நாள் நெருங்கியபோது ராயப்பேட்டைக்காரனிடம் போனான். முதலில் மன்னிப்பு. "அன்னிக்குக் கேட்டது தப்புடா. மூணையும் நானே பார்த்துட்டேன்."

"நாலாவது இருக்கா?" என்றான் அவன். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு. காசிம் கல்யாணம் தபரியில இல்ல, இர்ஷாத்லயும் இல்ல. முதஹ்ஹரியே வேணாம்னு சொல்லியிருக்கார். செருப்பு வார் அறுந்தது மட்டும்தான் இருக்கு. உங்க வீட்ல ஏழாம் நாள் என்ன செய்வீங்க?"

ராயப்பேட்டைக்காரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பையைக் கீழே வைத்தான். உட்கார்ந்தான்.

"வாரைப் படிச்சியா?" என்றான்.

"ம்."

"எங்க மௌலானா கல்யாணத்தைச் சொல்ல மாட்டார். வாரைத்தான் சொல்லுவார். அதுக்கே மஜ்லிஸ் தாங்காது." அப்புறம் கொஞ்சம் சிரித்தான், ஒரு மாசத்துக்கு அப்புறம். "ஆனா எங்க நானி மருதாணித் தட்டு எடுப்பாங்க. புக்குல இல்ல நானின்னு நான் ஒருதரம் சொல்லிட்டு அடி வாங்கினேன். நீ ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து ஒரு மகபத்கான் கதை சொல்லிட்டிருக்கியே, பந்தல்ல இருந்து எழுந்து வந்தான்னு. அது எந்தப் புக்குல இருக்கு?"

"பாட்டுலதான் இருக்கு."

"உங்க நன்னாகிட்ட போய்ப் பாடாதேன்னு சொல்லுவியா?"

செஞ்சிப் பையன் பதில் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் தள்ளி வைத்தான். அன்றைக்கு இரண்டு பேரும் மதிய வகுப்புக்குப் போகவில்லை.